இரவு ஷிஃப்டில் யார் இருக்கிறார்கள்?

2024 டிசம்பர் 12, இரவு ஒன்பதரை மணி வாக்கில் திண்டுக்கல் திருச்சி சாலையில் உள்ள சிட்டி மருத்துவமனையின் தரைத்தளத்தில் தீப்பிடித்தது. எலும்பு முறிவுக்குச் சிகிச்சை தரும் தனியார் மருத்துவமனை அது. ரிசப்ஷன் பகுதியில் ஏற்பட்ட மின்கசிவுதான் காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் சொன்னார்கள். மேல்மாடிகளில் இருந்த நோயாளிகளைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கி, வரிசையாக வந்த ஆம்புலன்ஸ்களில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆறு பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் சிறு குழந்தை. எரிந்த இடத்தில் அவர்கள் இல்லை. லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தார்கள்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த பெரிய தீவிபத்துகளை நேரத்தோடு சேர்த்துப் படித்தால் ஓர் ஒழுங்கு கண்ணில் படும். 2011 டிசம்பர் 9, கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனை: விடியற்காலை மூன்றரை மணி, தொண்ணூறு பேர் அளவில் மரணம். 2020 ஆகஸ்ட் 6, அகமதாபாத் ஷ்ரே மருத்துவமனை: விடியற்காலை, 8 பேர். அதே ஆண்டு நவம்பர் 27, ராஜ்கோட்: நள்ளிரவு தாண்டி. 2021 ஜனவரி 9, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனை: இரவு ஒன்றரை மணிக்கு மேல், 10 பச்சிளங்குழந்தைகள். அதே ஆண்டு ஏப்ரல் 23, விரார்: விடியற்காலை மூன்று மணி, 13 பேர். மே 1, பரூச்: நள்ளிரவு கடந்து, இரண்டு நர்ஸுகள் உட்பட 18 பேர். நவம்பர் 8, போபால் கமலா நேரு குழந்தைகள் மருத்துவமனை: இரவு ஒன்பது மணி. 2024 மே 25, டெல்லி விவேக் விகார்: இரவு பதினொன்றரை. நவம்பர் 15, ஜான்சி மருத்துவக் கல்லூரி: இரவு பத்தே முக்கால், அன்றிரவே 10 பச்சிளங்குழந்தைகள். 2025 அக்டோபர் 5, ஜெய்ப்பூர் எஸ்.எம்.எஸ். மருத்துவமனையின் விபத்து சிகிச்சைப் பிரிவு: இரவு பதினோரு மணிக்கு மேல்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. 2021 நவம்பர் 6-இல் அகமதுநகர் அரசு மருத்துவமனை ஐ.சி.யு. பட்டப்பகலில் எரிந்து 11 பேர் இறந்தார்கள். 2022 ஆகஸ்ட் 1-இல் ஜபல்பூரில் ஒரு தனியார் மருத்துவமனை பிற்பகலில் எரிந்தது. 8 பேர் இறந்தார்கள். ஆனாலும் பெரும்பாலானவை விளக்கணைத்த பிறகு நடந்தவை. மின்கசிவு பகல் இரவு பார்ப்பதில்லை. பகலில் வயர் கருகும் வாடை வந்தால், "என்ன வாடை?" என்று கேட்க நடைவழியில் இருபது பேர் இருப்பார்கள். எலெக்ட்ரீஷியன் இருப்பார், மேனேஜர் இருப்பார், கேட் திறந்திருக்கும். இரவில் அதே வாடையை உணர வேண்டியவர் தூக்கத்தில் இருக்கிறார், அல்லது வேறு தளத்தில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். பகலில் ஒரு பிளக் பாயின்டோடு முடிந்திருக்கும் தீ, இரவில் ஒரு வார்டைத் தின்றுவிடுகிறது.

ஆகவே ஒரு மருத்துவமனை தீயைத் தாங்குமா என்று அறிய, சுவரில் எத்தனை சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது என்று எண்ணினால் போதாது. இரவு இரண்டு மணிக்கு அங்கே யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும், அவர்கள் கையில் எந்தச் சாவி இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

முப்பது கிலோமீட்டரின் பொருள்

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மாதிரியான ஊருக்கு இந்தக் கேள்வி பெருநகரத்தைவிட முக்கியம். கிழக்கே கிருஷ்ணகிரி, வடமேற்கே ஓசூர். இரண்டுமே ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஊரில் தக்காளி மண்டி இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, சுற்றுப்பட்டுக் கிராமங்கள் அத்தனைக்கும் இதுதான் சந்தை. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகள் உத்தனப்பள்ளி வரை இறங்கி வந்தபின் வாடகைக்கு ஆள் வருகிறார்கள், கடைகள் பெருகுகின்றன, கிளினிக்குகளும் பெருகுகின்றன.

இந்த வட்டாரத்தில் சிறிய மருத்துவமனை உருவாகும் விதம் நமக்குத் தெரிந்ததுதான். மெயின் ரோட்டில் ஒரு வணிகக் கட்டடம். கீழே மெடிக்கல் ஷாப், அடுத்து ஓர் அடகுக்கடை அல்லது மொபைல் கடை. பக்கவாட்டில் ஒரே ஒரு மாடிப்படி. மேலே டாக்டரின் அறை, பிறகு ஆறு படுக்கை, பிறகு பத்து, பிறகு ஓர் ஆபரேஷன் தியேட்டர். கடைக்காகப் போட்ட வயரிங்கில் ஏசி சேர்கிறது, எக்ஸ்ரே சேர்கிறது, ஜெனரேட்டர் சேர்கிறது. கட்டடம் பதினெட்டு மீட்டருக்கு மேல் போகாததால் தமிழ்நாட்டு விதிகளின்படி அது உயர்மாடிக் கட்டடம் ஆகாது. அந்த வகைக்குரிய கடும் நிபந்தனைகள் அதைத் தொடாது.

தீப்பிடித்தால் முதல் வண்டி ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மருத்துவமனைத் தீக்கு ஒரு வண்டி போதாது. இரண்டாவதும் மூன்றாவதும் வெளியூரிலிருந்து வர வேண்டும். நல்ல சாலையில், இரவில், முப்பது கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் குறையாது. வரத்துக் காலத்தில் தக்காளி லாரிகள் சாலையோரம் நின்றால் இன்னும் கூடும். வெளியே கொண்டுவந்த ஐ.சி.யு. நோயாளியை எங்கே படுக்க வைப்பது? ஓசூர் அரசு மருத்துவமனைக்கோ, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எல்லை தாண்டி பெங்களூருக்கோதான் போக வேண்டும். அதுவரை ஆக்சிஜன் எதிலிருந்து வரும் என்பதையும் யாராவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இங்கே முதல் பதினைந்து நிமிடத்துக்கு மருத்துவமனைதான் தனக்குத் தீயணைப்பு நிலையம்.

பொறி எங்கே பிறக்கிறது

மருத்துவமனைத் தீயில் முதல் சந்தேகம் எப்போதும் மின்சாரத்தின் மேல்தான், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. வீட்டு ஏசி இரவில் எட்டு மணி நேரம் ஓடும். ஐ.சி.யு. ஏசி நாள் முழுக்க, மாதக் கணக்கில், ஓய்வில்லாமல் ஓடும். கோவிட் காலத்தில் அவசரமாக ஐ.சி.யு.க்கள் உருவாக்கப்பட்டபோது பழைய வயரிங்கின் மேல் வென்டிலேட்டர், மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், ஏசி என்று சுமை ஏறிக்கொண்டே போனது. 2020, 2021-இல் தீவிபத்துகள் கொத்தாக நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பண்டாராவில் குழந்தைகளுக்கு வெப்பம் தரும் வார்மர் கருவியின் மின்பலகையில் பொறி கிளம்பியது என்று விசாரணையில் தெரிந்தது.

சின்ன மருத்துவமனையில் பார்க்க வேண்டிய இடங்கள் இவை. ஒரே பிளக் பாயின்டில் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு மூன்று கருவி ஓடுகிறதா? எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதைவிடப் பெரிய ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டியிருக்கிறார்களா? வயர் தாங்காத சுமையைத் தடுக்கத்தான் அது விழுகிறது. பெரியதை மாட்டினால் எம்.சி.பி. விழாது, வயர் எரியும். மின்பலகை அறை துடைப்பம், பழைய மெத்தை, மருந்து அட்டைப்பெட்டி எல்லாம் போடும் கிடங்காக மாறிவிட்டதா? ரிசப்ஷனில் சாமி படத்தைச் சுற்றிய சீரியல் விளக்கு ஆண்டுக்கணக்கில் அணையாமல் எரிகிறதா? உடனிருப்பவர்கள் வார்டுக்குள் கெட்டிலும் இண்டக்ஷன் அடுப்பும் வைக்கிறார்களா? கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா?

ஜெனரேட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். தீப்பிடித்தவுடன் ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைக்கிறார். மின்சாரம் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு தானியங்கி ஜெனரேட்டர் கிளம்புகிறது. எரியும் சுற்றுக்குள் மறுபடி மின்சாரம் பாய்கிறது. யு.பி.எஸ். பேட்டரிகளும் தங்கள் பங்குக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மூன்றையும் எந்த வரிசையில், எங்கே அணைப்பது என்பது பகலில் வரும் எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும். இரவில் இருக்கும் நர்ஸுக்குத் தெரியுமா? ஜபல்பூரில் தீ கிளம்பியது வாசலருகே இருந்த ஜெனரேட்டரிலிருந்து. வெளியே போக இருந்ததும் அந்த ஒரு வாசல்தான்.

உயிர்க்காற்றின் இன்னொரு குணம்

ஆக்சிஜன் தானாக எரியாது. பக்கத்தில் எது எரிந்தாலும் அதை வெறிகொண்டு எரிய வைக்கும். சாதாரணக் காற்றில் அது சுமார் 21 விழுக்காடு. 23 விழுக்காட்டைத் தாண்டினாலே அந்த இடத்தை ஆக்சிஜன் மிகுந்த அபாயப் பகுதி என்று பாதுகாப்பு நெறிமுறைகள் சொல்கின்றன. இரண்டு விழுக்காடு கூடினால் என்ன என்று தோன்றலாம். அந்தக் காற்றில் திரைச்சீலையும் போர்வையும் எளிதில் பற்றும், வேகமாகப் பரவும், அணைவதும் கடினம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். படுத்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடல் ஒரு நிமிடத்துக்குச் செலவழிக்கும் ஆக்சிஜன் சுமார் கால் லிட்டர். உயர் ஓட்டக் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தள்ளும். அதில் பெரும்பகுதி ஆக்சிஜனாக இருந்தால், ஏறக்குறைய அத்தனையும் மூக்கருகிலிருந்து வழிந்து அறைக்குள்தான் சேர்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரத்தில் 3,600 லிட்டர் வரை. அந்த அறையில் இருப்பதோ ஸ்பிளிட் ஏசி. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடும். ஜன்னல்களைக் கண்ணாடி போட்டு அடைத்திருக்கிறார்கள். வெளியேற்றும் விசிறி சத்தம் போடுகிறது என்று நிறுத்தியிருக்கிறார்கள். ஐ.சி.யு.வில் சின்னப் பொறியும் நொடிகளில் தீப்பிழம்பாக மாறுவது ஏன் என்பதற்கு இதுதான் விடை. காற்றோட்டம் அங்கே நோயாளியின் வசதிக்கு மட்டும் வைத்தது இல்லை, தீத்தடுப்பு ஏற்பாடும் அதுதான்.

கை கழுவும் ஆல்கஹால் திரவமும் இந்தக் கணக்கில் சேரும். அதன் ஆவி 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே பற்றக்கூடியது. ராயக்கோட்டையின் மார்கழிக் குளிரைத் தவிர்த்தால், ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அறை வெப்பமே அதற்குப் போதும். கேன் கேனாக வாங்கி மின்பலகை அருகிலோ மாடிப்படிக்கு அடியிலோ அடுக்குவது, கடை திறக்காமலே பட்டாசு ஸ்டாக் வைப்பதற்குச் சமம். அந்தப் பாடத்தை இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 அக்டோபர் 7-இல் ஓசூருக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து அன்றே 14 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வேலைக்குப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள்.

புகை முந்திக்கொள்ளும்

இத்தகைய விபத்துகளில் பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்வது மூச்சுத்திணறலைத்தான். ரெக்சின் உறை போட்ட ஃபோம் மெத்தை எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். ஆரோக்கியமானவரே சில நிமிடங்களில் குழம்பி விழுவார். ஏற்கெனவே நுரையீரல் தளர்ந்து படுத்திருப்பவருக்கு அந்தச் சில நிமிடங்களும் கிடையாது.

ஆம்ரியில் தீ பிடித்தது அடித்தளத்தில். வாகனம் நிறுத்த அனுமதி பெற்ற இடத்தில் எரியக்கூடிய பொருள்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்யச் சொல்லித் தீயணைப்புத் துறை அந்த ஆண்டே எச்சரித்தும் இருந்தது. தீ அங்கேயே நின்றது. புகை ஏசி குழாய்கள் வழியாக மேல்மாடிகளுக்கு ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் அது வெளியேற வழியில்லை. புகையை முதலில் பார்த்துவிட்டு ஓடிவந்த பக்கத்துக் குடிசைப் பகுதி இளைஞர்களைக் காவலாளிகள் திருப்பி அனுப்பியதும், தீயணைப்புத் துறைக்குத் தாமதமாகத் தகவல் போனதும் அப்போது பரவலாகப் பதிவான செய்திகள். பிறகு அதே இளைஞர்கள்தான் கண்ணாடியை உடைத்துப் பலரை மீட்டார்கள். நோயாளிகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்டவர்களில் கேரளத்தைச் சேர்ந்த இரண்டு இளம் நர்ஸுகளும் உண்டு.

லிஃப்ட் ஏன் சாவுக்கூடம் ஆகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். கீழ்த்தளத்தில் தீ என்றால் லிஃப்டின் செங்குத்துப் பாதை புகைபோக்கியாக மாறும். மின்சாரம் நின்றால் பெட்டி நடுவில் நிற்கும். கதவு திறந்தாலும் எரியும் தளத்திலேயே திறக்கலாம். எலும்பு முறிந்தவருக்கும் அவரைத் தாங்கிப் பிடித்திருப்பவருக்கும் மாடிப்படி இறங்க முடியாது, லிஃப்டைத்தான் தேடுவார்கள். "தீயின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்" என்று பலகை வைத்தால் மட்டும் போதாது. நடக்க முடியாதவர் பின் எப்படிப் போவது என்பதற்கும் மருத்துவமனையிடம் விடை இருக்க வேண்டும்.

அந்த விடை புதிதொன்றும் இல்லை. மருத்துவமனையில் முதலில் கீழே இறக்கக் கூடாது. அதே தளத்தில் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். எரியும் பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே தீயையும் புகையையும் தடுக்கும் சுவரும் கதவும் இருந்தால், நோயாளியைப் படுக்கையோடு தள்ளி அந்தப் பக்கம் சேர்த்துக் கதவைச் சாத்தலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு இந்த அடிப்படையில்தான் மருத்துவமனையைப் பகுதிகளாகப் பிரிக்கச் சொல்கிறது. ஒன்றைவிட்டால் இன்னொன்று என்று மாற்று வழி வேண்டும் என்பதும், நோயாளியைத் தூக்கித் திருப்ப இடம் வேண்டும் என்பதால் படுக்கைகள் அதிகமுள்ள மருத்துவமனையின் மாடிப்படிக்கு 2 மீட்டர் அகலம் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கின்றன. பண்டாராவில் ஒரு பகுதியில் இருந்த 10 குழந்தைகள் இறந்தன. அடுத்த பகுதியில் இருந்த 7 குழந்தைகளைக் காப்பாற்ற முடிந்தது. 1961-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் ஒன்பதாம் மாடி எரிந்தபோது 16 பேர் இறந்தார்கள்; அறைக்கதவைச் சாத்தி வைத்த நோயாளிகள் பிழைத்தார்கள். கதவுக்குச் செலவில்லை, சாத்தத்தான் ஆள் வேண்டும்.

சின்னதாக ஒரு கணக்கு. இருபது படுக்கை மருத்துவமனையில் நடக்க முடியாதவர் ஆறு பேர். இரவில் இரண்டு நர்ஸ், ஓர் ஆயா, கீழே வாட்ச்மேன் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரை மாடிப்படியில் இறக்க இரண்டு பேர், மூன்று நிமிடம். ஒரே ஜோடி இறக்கினால் ஆறு பேருக்குப் பதினெட்டு நிமிடம், திரும்ப ஏறும் நேரம் தனி. புகை அவ்வளவு நேரம் காத்திருக்காது. அதே ஆறு பேரை விரிப்போடு தரையில் இறக்கி, விரிப்பைப் பிடித்து இழுத்துப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோக ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு நர்ஸே இழுக்கலாம். ஆனால் முன்பு ஒருமுறையேனும் இழுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்திலேயே இருக்கும் பாடம்

2024 செப்டம்பர் 28 காலை, ராயக்கோட்டை ஓசூர் சாலையில் உள்ள உத்தனப்பள்ளியை அடுத்து, நாகமங்கலத்தில் இருக்கும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையின் ரசாயனக் கிடங்குப் பகுதி எரிந்தது. வானத்தை மறைத்த கரும்புகையைச் சுற்றுவட்டாரமே பார்த்தது. ஷிஃப்டில் இருந்த தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிலருக்கு மூச்சுத்திணறலுக்குச் சிகிச்சை தர வேண்டியிருந்தது, உயிரிழப்பு இல்லை. எழுபத்தைந்து நாள் கழித்து, திண்டுக்கல்லில் அதைவிட எத்தனையோ மடங்கு சின்னக் கட்டடத்தில் ஆறு பேர் இறந்தார்கள்.

இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆலையில் இருந்தவர்கள் இளைஞர்கள், தங்கள் காலால் ஓடக்கூடியவர்கள். ஆனால் அந்த வேறுபாடு மருத்துவமனைக்குத்தான் கூடுதல் பொறுப்பைத் தருகிறது. தொழிற்சாலைகள் சட்டம் 1948 தீத்தடுப்பை ஆலையின் கடமையாக வைத்தது. போபால் விஷவாயுவுக்குப் பின் 1987-இல் வந்த திருத்தம் ஆபத்தான ஆலைகளுக்கு அவசரநிலைத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள்: மாக் டிரில் என்றால் தெரியும், சைரன் அடித்தால் எங்கே கூடுவது என்று தெரியும், எந்த வகைத் தீக்கு எந்த சிலிண்டர் என்று தெரியும். அதே தொழிலாளி தாயைச் சேர்க்கும் மருத்துவமனையில், ஓட முடியாதவர்கள் படுத்திருக்கும் இடத்தில், அந்தப் பயிற்சி பெயருக்கும் இருக்காது.

நடக்க முடியாதவர்கள் விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடியில் மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் பூட்டப்பட்டிருந்த 28 பேர் மாண்டார்கள். இன்று மருத்துவமனைகளில் சங்கிலி இல்லை. ஆனால் குழந்தை திருடு போகும், மருந்து திருடு போகும் என்று இரவில் பூட்டும் கிரில் கேட் இருக்கிறது. இரண்டாவது மாடிப்படி இருந்தாலும் அதில் பூட்டு இருக்கிறது. சாவி வாட்ச்மேனிடமோ மேனேஜர் வீட்டிலோ இருக்கிறது. மொட்டைமாடிக் கதவுக்கும் இதே கதிதான்.

காகிதம் தீயை அணைக்காது

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இலேயே வந்தது. விதிகள் வந்தது 2018-இல். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் சான்று வேண்டும். ராஜ்கோட் விபத்துக்குப் பின் 2020 டிசம்பர் 18-இல் உச்ச நீதிமன்றம் கோவிட் மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் தீப்பாதுகாப்புப் பொறுப்பு அலுவலரை நியமிக்கச் சொன்னது. மாவட்டக் குழுக்கள் தீத்தணிக்கை நடத்தவும் உத்தரவிட்டது. சரியாக 22 நாள் கழித்து பண்டாரா எரிந்தது.

டெல்லி விவேக் விகார் மருத்துவமனையின் உரிமம் 2024 மார்ச் 31-இலேயே முடிந்துவிட்டது. 5 படுக்கைக்குப் பெற்ற உரிமம், தீப்பிடித்த இரவில் இருந்த குழந்தைகள் 12. இது காகிதமே இல்லாத கதை. ஜான்சி அதைவிடக் கவலை தருவது. அங்கே அந்த ஆண்டு பிப்ரவரியில் தீத்தணிக்கை நடந்தது, ஜூனில் மாக் டிரில் நடந்தது என்று உத்தரப் பிரதேசத் துணை முதல்வரே சொன்னார். நவம்பரில் குழந்தைகள் இறந்தார்கள். பகலில், அதிகாரிகள் முன்னிலையில், முன்கூட்டிச் சொல்லிவிட்டு நடத்தும் ஒத்திகை, இரவில் இருக்கப்போகிறவரைச் சென்றடைந்ததா என்பதை எந்தத் தணிக்கைப் படிவமும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியவை

மருத்துவமனை நடத்துபவருக்கு: புகை கண்டறியும் கருவி ஒவ்வொரு வார்டிலும், மின்பலகை அறையிலும், கிடங்கிலும் வேண்டும், ஆள் தூங்கும் நேரத்தில் விழித்திருப்பது அது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு சுமையை அளந்து பாருங்கள். இரண்டாவது வழி இல்லையென்றால் வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டு ஒன்றைக் கட்டுங்கள். அதுவரை மேல்மாடியில் நடக்க முடியாதவர்களைச் சேர்க்காதீர்கள். ஜன்னல் கிரில்லில் உள்ளிருந்து திறக்கும் பகுதி வேண்டும். பூட்டும் கதவு எல்லாவற்றின் சாவியும் அந்தந்தத் தளத்து நர்ஸ் மேசையில் ஒரு நகலாக இருக்க வேண்டும்.

இரவுப் பணியில் இருப்பவருக்கு வரிசை நான்கு. ஆபத்தின் அருகில் இருப்பவரை முதலில் நகர்த்து. கத்திச் சொல், மணியடி, 101-க்கோ 112-க்கோ பேசு. மேனேஜரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்காதே. எரியும் அறையின் கதவைச் சாத்து. சின்னத் தீ என்றால், முதுகுக்குப் பின்னால் வெளியே போகும் வழி இருந்தால் மட்டும், அணைக்கப் பார். கையில் தூக்கும் பவுடர் சிலிண்டர் இருபது விநாடிக்குள் காலியாகிவிடும்; அதில் அணையாத தீ உனக்கானது இல்லை. மின்கருவித் தீயில் தண்ணீர் ஊற்றாதே. எரியும் வார்டுக்கான ஆக்சிஜன் வால்வை மூடும் அதிகாரம் ஷிஃப்ட் பொறுப்பு நர்ஸுக்கு எழுத்தில் தரப்பட்டிருக்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் கையால் அழுத்தும் ஆம்பு பை ஒவ்வொரு கட்டிலோடும் தொங்க வேண்டும்.

ஒத்திகையைப் பொறுத்தவரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரவு இரண்டு மணிக்கு, சொல்லாமல். நோயாளிக்குப் பதில் மணல் மூட்டையை விரிப்பில் கிடத்தி இழுக்கலாம். மணி அடித்ததிலிருந்து கடைசி மூட்டை கதவைத் தாண்டும் வரை எத்தனை நிமிடம் என்று எழுதி, தேதியோடு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். செலவு அதிகம் இல்லாத, ஏமாற்றவும் கடினமான தணிக்கை இது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைக் கேட்டுப் பெறும் இடத்தில் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் இருக்கிறார். உரிமம் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சான்றோடு கடைசி நான்கு இரவு ஒத்திகைகளின் பதிவையும் கேட்கலாம். ஒத்திகை நடத்தத் தெரிந்த பாதுகாப்பு அலுவலர்கள் ஓசூர் ஆலைகளில் நிறையவே இருக்கிறார்கள். சமூகப் பொறுப்பு நிதியில் மரக்கன்று நடும் ஆலைகள், ஆண்டுக்குச் சில இரவுகளுக்கு அவர்களைப் பக்கத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பலாம்.

நோயாளியின் உறவினருக்கும் வேலை உண்டு. அட்வான்ஸ் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரண்டாவது மாடிப்படி எங்கே, இரவில் அது பூட்டியிருக்குமா, நடக்க முடியாத என் ஆளை யார் எப்படி வெளியே கொண்டுபோவீர்கள்? பதில் சொன்னால் அந்தப் படியில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால், வேறு மருத்துவமனை இருக்குமானால் அங்கே போங்கள். இல்லையென்றால் தரைத்தளத்தில் படுக்கை கேளுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதிப் போடுங்கள். அடுத்த நோயாளி அந்தப் படுக்கைக்கு வருவதற்கு முன் அது போய்ச் சேர வேண்டும்.